பதின்மூன்று சென்டிமீட்டர் இல்லாத வட்டம்

காவேரிப்பட்டணத்திலிருந்து போன் வந்தபோது
இரவு பதினொன்று பத்து.
கூழ் ஆலையில் திருகு பிய்ந்துவிட்டது,
வாசலில் பதினாறு லாரி பெங்களூரா,
விடிந்தால் புளித்துவிடும் என்றார் முனிரத்தினம்.
புளிக்கப்போவது பழம் மட்டுமில்லை என்பது
குரலிலேயே இருந்தது.

ராயக்கோட்டை சாலைப் பட்டறையில்
விளக்கைப் போட்டு, சுவரில் எழுதினேன்:
தண்டு பத்து. வெளிவிட்டம் முப்பது.
புரிக்குப் புரி முப்பது.

தண்டைச் சுற்றி ஏறும் கோட்டை
உருட்டி விரித்தால் வெறும் சாய்கோடு,
செங்கோண முக்கோணத்தின் கர்ணம்.
எட்டாம் வகுப்பில் அதற்கு மதிப்பெண் போட்டார்கள்.
சுருட்டினால் மாங்கூழை நகர்த்தும் என்று
யாரும் சொல்லவில்லை.

உள் ஓரம் நாற்பத்து மூன்று சொச்சம்.
வெளி ஓரம் தொண்ணூற்று ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு.
ஏற வேண்டிய உயரமோ இரண்டுக்கும் ஒன்று.
உள்ளே போகிறவன் மலை ஏறுகிறான்,
வெளியே போகிறவன் உலாவுகிறான்,
மேலே வந்து
ஒரே படியில் நிற்கிறார்கள்.

இதைத் தட்டைத் தகட்டில் வெட்டினால்
முழு வட்டம் வராது.
ஓரத்தில் பதின்மூன்று சென்டிமீட்டர்
ஆப்பாக அறுத்து எறிய வேண்டும்.
நசீர் ஆறு வளையம் அறுத்தான்,
ஆறு ஆப்பு தரையில் விழுந்து நீலமாய் ஆறியது.

தகடு குழாயாகும், கூம்பாகும், மறுபேச்சில்லை.
புரியாக மட்டும் லேசில் சம்மதிக்காது.
சூடேற்றி, சங்கிலிக் கப்பியில் ஓர் உதட்டைக் கட்டி,
மற்றதைத் தரையோடு பூட்டி இழுக்கும்போது
கண்ணுக்குத் தெரியாத எங்கோ ஓரிடத்தில்
இரும்பு கொஞ்சம் நீண்டு கொடுக்கிறது.
அந்தக் கொஞ்சம் என் கணக்கில் இல்லை.
அது நசீரின் சுத்தியலில் இருக்கிறது.

நாலே முக்காலுக்கு ஆலையில் மாட்டினோம்.
சுவிட்சைத் தட்டினார்கள்.
கூழ் எங்களை நோக்கி வந்தது.

யாரும் பேசவில்லை.
அப்புறம் முனிரத்தினம்,
"கழட்டித் தலைகீழாப் போடும்மா."
பையிலிருந்த போல்ட்டை எடுத்துக் காட்டினேன்.
இப்படிப் பிடித்தாலும் இதே மரை,
அப்படிப் பிடித்தாலும் இதே மரை.
கண்ணாடி ஒன்றுதான் இதை மாற்றும்.
கண்ணாடிக்குள் போய் வேலை பார்க்க
நம்மிடம் ஆளில்லை.

நசீர் கையுறையைக் கழற்றி மடித்தான்.
தப்பு அவனுடையது இல்லை.
எந்த உதடு மேலே என்று நான் குறி போடவில்லை.
தட்டையாய்க் கிடந்தவரை அந்த வளையத்துக்கு
இடமும் கிடையாது, வலமும் கிடையாது.
இழுத்த நொடியில்தான்
அது ஒரு பக்கம் சாய்ந்தது.

எலெக்ட்ரீஷியன் அருள்தாஸ் ஓரமாய் உட்கார்ந்து
அறுபடாமல் ஒரு பழத்தைச் சீவிக்கொண்டிருந்தான்.
பழத்தின்மேல் ஒரே பக்கமாய்ச் சுற்றிய தோல்
சிமென்ட் தரையில் படுத்ததும்
ஒரு முனை இப்படிச் சுருண்டது,
மறுமுனை அப்படிச் சுருண்டது,
நடுவில் கொஞ்ச தூரம்
எந்தப் பக்கமும் சேராமல் நேராகப் போனது.
வாயில் பழத்தோடு கேட்டான்:
"ஏன்க்கா, மூணு வயர்ல ரெண்ட
மாத்திக் குடுத்தா?"

மாற்றிக் கொடுத்தான்.
மோட்டார் பின்னால் சுற்றியது,
கூழ் முன்னால் போனது.

பில்லில் ஐந்நூறு குறைத்துவிட்டார் முனிரத்தினம்,
"எதிர்ப்பக்கம்" என்று காரணம் எழுதி.
மோட்டாரின் மேல் சிவப்பு பெயின்ட்டில்
அம்புக்குறி போட்டிருக்கிறார்களாம்,
தெரியாமல் யாரும் சரிசெய்துவிடக் கூடாதென்று.

ஆறு ஆப்பும் பட்டறையில் கிடக்கின்றன.
ஒரு மத்தியானம் கரன்ட் இல்லாதபோது
கூர்முனைகளைச் சேர்த்து அடுக்கிப் பார்த்தேன்.
பாதிக்கு மேல் வட்டம்.
இன்னும் இரண்டு இருந்தால் எட்டு,
அப்போதும் ஒரு சந்து திறந்தே இருக்கும்.
ஒன்பதாவது இடிக்கும்.